கப்பலை விட்டு இறங்குகிறார்கள்

ராயப்பன்பட்டி,
4-12-1945

அன்புள்ள மருமகள் ரோசம்மாளுக்கு மாமன் மரிய ஜோசப் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தை மதலேனாளும் சுகம். மேகமலைக் குளிருக்கு நீ கொண்டுபோன கம்பளி போதுமா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா என்று அத்தை நாலு தரம் கேட்டுவிட்டாள். நாலு தரமும் எழுதியதாக வைத்துக்கொள்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரிலிருந்து யாராவது மலையேறி வந்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

கம்பத்தில் நல்லகண்ணு டூரிங் சினிமாக் கொட்டகை போட்டிருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சர்க்காரின் யுத்தச் செய்திப் படத்தை இத்தனை அடி நீளம் ஓட்டியே தீர வேண்டும் என்று உத்தரவாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும் பெட்டியில் இங்கிலீஷ் படமே வருகிறது. சனங்கள் ஒன்றும் விளங்காமல் விசிலடிக்கிறார்கள். ஆகவே சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று தகரக் குழலில் தமிழில் விளக்கம் சொன்னால் என்ன என்று நல்லகண்ணுவுக்குத் தோன்றியிருக்கிறது. "மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாம் பாரம் படிச்ச ஆளு இந்தப் பக்கம் நீங்கதான இருக்கீக" என்று வீடு தேடி வந்துவிட்டார். என் இங்கிலீஷ் என் சைக்கிளைப் போல. ஒரு மைல் ஓடும், அதற்கப்புறம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் சரி என்றேன்.

முதல் நாள் ஆட்டம். திரையில் சீமைக் குதிரைகள், வண்டி நிறையப் பூ, தொப்பி வைத்த பெண்கள், இரண்டு பக்கமும் சனக்கூட்டம். நான் குழலை வாயில் வைத்து, "மகாசனங்களே, இது சீமையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது" என்று முழங்கினேன். கொட்டகையே கை தட்டியது. அப்புறம் வண்டி திரும்பியது. பூவுக்கு நடுவில் கொடி போர்த்திய பெட்டி. மணலில் உட்கார்ந்திருந்த ஒருவன், "மாப்ள படுத்துக்கிட்டே வாராருடோய்" என்றான். முன்னால் சிலுவை போனதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை பார், ஞானஸ்நானம் வாங்கி ஐம்பத்தாறு வருஷம் ஆன எனக்கு. மறுநாள் வேலை போய்விடும் என்று நினைத்தேன். சிரிப்புக்காகவே கூட்டம் வருகிறது என்று நல்லகண்ணு என்னை வைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு நான் ஏன் சம்மதித்தேன் என்று உனக்குத் தெரியும். சிங்கப்பூர் விழுந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. 'காணவில்லை' என்ற ஒரு காகிதத்தைத் தவிர என் மகன் ஞானதுரையைப் பற்றிப் பட்டாளத்து ஆபீசிலிருந்து வேறு ஒன்றும் வரவில்லை. இப்போது சிறை மீண்ட பட்டாளத்தாரைப் படத்தில் காட்டுகிறார்கள். குழல் பிடிக்கிறவனுக்குத் திரை வெகு பக்கம்.

திராட்சைக் கொடிக்குக் கவாத்து முடிந்தது. நம் ஞானதுரையோடு பட்டாளத்தில் இருந்த உசிலம்பட்டி ஒச்சாண்டி திரும்பி வந்திருக்கிறான். போன வாரம் நம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனான். ரொம்ப மெலிந்திருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமன்


மேகமலை,
19-12-1945

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும் ரோசம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். கம்பளி போதும். அட்டைக்கடிதான் பொறுக்க முடியவில்லை, சுண்ணாம்பு தடவிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு உதவியாக இருப்பது எட்டு வயதுப் பவுனு. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பீட்டர்ராஜின் மகள். தாய் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை படுத்துக்கொண்டு வந்த கதையை அவளிடம் சொன்னேன். அவள் தன் அப்பாவிடம் சொல்ல, அவரும் சிரித்தாராம். அவர் சிரித்தது அதிசயம் என்று பவுனு சொல்கிறாள்.

மாமா, ஒச்சாண்டி வந்ததை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன சொன்னார்? உங்கள் மகனை எங்கே கடைசியாகப் பார்த்தாராம்? மழையில் பாதை அறுந்து தபால் சுணங்குகிறது. ஆனாலும் மறக்காமல் எழுதுங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
ரோசம்மாள்


ராயப்பன்பட்டி,
3-1-1946

அன்புள்ள ரோசம்மாளுக்கு மாமன் ஆசீர்வாதம். புது வருஷம் பிறந்துவிட்டது. அத்தையின் முழங்கால் போன வருஷத்திலேயே நிற்கிறது. மற்றபடி சுகம்.

ஒச்சாண்டியைப் பற்றிக் கேட்டாய். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. சத்தம் போட்டுப் பேசினால் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். சப்பான்காரன் இவர்களைக் கப்பலில் ஏற்றி நியூகினி என்ற தீவுக்குக் கொண்டுபோனானாம். பசி பட்டினி என்றான். காட்டுக் கீரை தின்றதாகச் சொன்னான். இன்னொரு நாள் விவரமாக எழுதுகிறேன்.

கொட்டகையில் என் பேர் இப்போது 'கொழா வாத்தியார்'. ஆபரேட்டர் அம்மாவாசி நல்ல பிள்ளை. ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் என்னை ஏதாவது பேசச் சொல்கிறான். போன சனிக்கிழமை ஜெர்மனியில் இடிந்த ஊர் ஒன்றைக் காட்டினார்கள். வீடுகளுக்குச் சுவர் மட்டும் நின்றது. சன்னல் வழியாக ஆகாசம் தெரிந்தது. 'எதிரியின் ஊர் அழிந்தது' என்று நான் சொன்னதும் கை தட்டினார்கள். அடுத்து ஒரு கிழவி அந்த இடிபாட்டில் குனிந்து ஒரு வாளியைத் தேடி எடுத்துத் தட்டிப் பார்த்தாள். அதற்கு யாரும் கை தட்டவில்லை. சரித்திரம் என்று புத்தகத்தில் படித்தபோது அதில் வாளி கிடையாது.

புது வருஷப் பூசை முடிந்து சாமியார் என்னை நிறுத்திக் கேட்டார். ஆத்துமாக்கள் திருநாளில் இறந்தவர்களுக்காக வாசிக்கும் பட்டியலில் ஞானதுரை பேரை வருகிற தடவையாவது சேர்க்கலாமா என்று. "இன்னும் பட்டாளத்து ஆபீஸ்ல தேடுறாக சாமி" என்றேன். அதோடு, ரோசம்மாள் எப்படி இருக்கிறாள், ரோசம்மாள் எப்போது வருவாள் என்று உன்னைப் பற்றி இரண்டு தரம் விசாரித்தார். சாமியார் உன்மேல் வைத்திருக்கும் பிரியத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமன்


மேகமலை,
17-1-1946

மாமா அவர்களுக்கு ரோசம்மாள் தோத்திரம். நான் சுகம். அத்தைக்கு இங்கே கிடைக்கும் தைலம் ஒரு குப்பி தபால்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு விஷயம் நேரில் பேச வேண்டும், மாமா. கடிதத்தில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன், வரவில்லை. தபசு காலத்து நோன்பு தொடங்கும் முன் நாலு நாள் லீவு கேட்டுக் கீழே வருகிறேன். நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கோபப்பட்டாலும் நியாயம்தான்.

ஒச்சாண்டி சொன்னதை அப்போதாவது முழுதாகச் சொல்லுங்கள்.

ரோசம்மாள்


ராயப்பன்பட்டி,
26-1-1946

என் ரோசம்மாளுக்கு மாமன் எழுதுவது. சுகம் விசாரிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

நீ பேச வேண்டும் என்ற விஷயம் எதுவானாலும் இருக்கட்டும் தாயி. அதற்கு முன்னால் இதைப் படி. ஞானதுரை உயிரோடு இருக்கிறான்.

நேற்று மாலை ஆட்டத்தில், சிங்கப்பூர் திரும்பப் பிடிபட்ட செய்திப் படம். கொடி ஏற்றுகிறார்கள், சப்பான்காரர்கள் தலை குனிந்து கையெழுத்துப் போடுகிறார்கள், சிறையிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் வருகிறார்கள். பிறகு துறைமுகம். ஒரு பெரிய கப்பலிலிருந்து நம் பட்டாளத்தார் ஏணிப் பலகை வழியாக வரிசையாக இறங்குகிறார்கள். "நம் பட்டாளம் கப்பலை விட்டு இறங்குகிறது" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மூன்றாவது ஆள் அவன்.

மூட்டை இடது தோளில். பீச்சாங்கைப் பழக்கத்துக்காக நான் சின்ன வயதில் அவனை எத்தனை அடி அடித்திருப்பேன். அந்த அடியெல்லாம் வீணாய்ப் போனதற்கு இப்போது மாதாவுக்குத் தோத்திரம் சொல்கிறேன். கடைசிப் படியில் கால் வைக்காமல் குதித்தான், நம் வீட்டு வாசலில் குதிப்பானே, அதே போல. வலது மணிக்கட்டில் கலியாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் வெயிலில் மின்னியது. எங்களைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வேறு படம் வந்துவிட்டது. எண்ணினால் பத்து விநாடி இருக்கும்.

குழலை இறக்கிவிட்டேன். "கொழா வாத்தியாரே, தூங்கிட்டீகளா" என்று சத்தம் போட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அம்மாவாசியிடம் ஓடிப்போய் அந்த இடத்தை மறுபடி ஓட்டு என்றேன். "என்னய்யா, அழுகுறீக" என்றான். விஷயத்தைச் சொன்னேன். ரீலைத் திருப்பிச் சுற்றி ஓட்டினான். மூன்று தரம் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

ஒச்சாண்டி என்னவெல்லாமோ சொன்னான். பசியில் கண் மங்கியவன். வேறு யாரையோ பார்த்திருப்பான். அதை விடு.

அத்தை காலையிலிருந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் வலியைக் காணோம்.

மாமன்


ராயப்பன்பட்டி,
10-2-1946

ரோசம்மாளுக்கு மாமன் ஆசீர்வாதம். இரண்டு வாரமாக உன் பதில் இல்லை. சந்தோஷத்தில் மயங்கி விழுந்துவிட்டாயோ என்று அத்தைக்குக் கவலை. தபால்காரரை நான் திட்டியதில் அவர் இப்போது நம் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை வைத்தோம். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். கம்பம் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட "ஒம்ம மகனப் படத்துல பாத்தோம்யா" என்று கையைப் பிடிக்கிறார்கள். அத்தையை ஒருநாள் வண்டி கட்டிக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். பிறந்து இதுவரை சினிமா பார்க்காதவள். திரைக்குக் கிட்டே போய் அவன் நின்ற இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் அங்கே யாரோ கவர்னர் நின்றார். அத்தை கையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது படப்பெட்டி போடிக்குப் போயிருக்கிறது. பட்டாளத்து ஆபீசுக்குப் புது மனு எழுதிப் போட்டேன். சாமியார் மட்டும் பூசை முடிந்து சிரிக்கவில்லை. வயசாகிவிட்டது அவருக்கு.

ஒரு வரியாவது எழுது.
மாமன்


மேகமலை,
17-2-1946

மாமா அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும் ரோசம்மாள் தோத்திரம். நான் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அம்மை.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்களும் அத்தையும் சந்தோஷமாக இருப்பது எனக்கும் சந்தோஷம்.

பேச வேண்டும் என்று எழுதியிருந்தது ஒன்றும் முக்கியமில்லை. அதை மறந்துவிடுங்கள். லீவுக்கும் இப்போது வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மாமா. கையில் கடிகாரம் இருந்ததை நன்றாகப் பார்த்தீர்களா?

பவுனுவின் அப்பா ஈஸ்டர் பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு வால்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறாராம். பவுனு சிலேட்டை எனக்கே கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறாள்.

ரோசம்மாள்


ராயப்பன்பட்டி,
14-3-1946

அன்புள்ள ரோசம்மாளுக்கு மாமன் எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது வழக்கம். அத்தை சாப்பிடுகிறாள், நானும் சாப்பிடுகிறேன்.

இந்தக் கடிதத்தில் மூன்று விஷயம். மூன்றையும் நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

படப்பெட்டி போடியிலிருந்து திரும்பி வந்ததும், ஞானதுரை இறங்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்தைக் காணோம். சிறைக்கும் கவர்னருக்கும் நடுவில் கப்பலே இல்லை. அம்மாவாசியிடம் போய்க் கேட்டேன். அவன் கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடிக்கிறான், பிரிக்கிறான், மறுபடி மடிக்கிறான்.

"ஏலே, சொல்லித் தொலை" என்றேன்.

"அய்யா, அது இந்தப் படத்துல உள்ளது இல்ல" என்றான்.

மதுரையிலிருந்து வந்த ரீல் நடுவில் கிழிந்து, கொஞ்ச தூரம் கெட்டுப்போயிருந்ததாம். சர்க்கார் சொன்ன அடிக்குக் குறைந்தால் இன்ஸ்பெக்டர் வந்து எழுதிவிடுவார் என்று, தன்னிடம் கிடந்த பழைய துண்டு ஒன்றை ஒட்டி அளவைச் சரிபண்ணியிருக்கிறான். சப்பான் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷத்து ரீலிலிருந்து அறுந்து விழுந்தது அது. பட்டாளம் சிங்கப்பூருக்குப் போய் இறங்கிய காட்சி. திரும்பி வந்த காட்சி அல்ல. பெட்டி போடியிலிருந்து நல்ல ரீலோடு திரும்பி வந்ததும், தன் துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடா."

"நீங்க அழுதுக்கிட்டுச் சிரிச்சீக. எப்படிச் சொல்ல?"

அவனை நான் கோபிக்கவில்லை. போய் இறங்கியதை யுத்தம் முடிந்து வந்ததாக விளக்கம் சொன்னவன் நான்தான். மாப்பிள்ளை ஊர்வலம் சொன்ன அதே வாய்.

இரண்டாவது. மறுநாள் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். டிசம்பரில் கம்பவுண்டர் பீட்டர்ராஜ் அவருக்கு எழுதியது. உன்னைப் பெண் கேட்டு எழுதியிருக்கிறார். உன் மாமனாரும் அத்தையும் மனமொப்பிச் சம்மதித்தால்தான் உன்னிடமே மேற்கொண்டு பேசுவேன் என்று எழுதியிருக்கிறார். முதல் புருஷன் செத்ததற்குச் சாட்சி இல்லாமல் கோவிலில் கலியாண ஓலை வாசிக்க முடியாது, சாட்சி உண்டா என்று பார்க்கிறேன் என்று சாமியார் பதில் போட்டிருக்கிறார். அதற்காகத்தான் புது வருஷத்தன்று என்னை நிறுத்திக் கேட்டிருக்கிறார். நான் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு ஊரைக் கூட்டி நன்றிப் பூசை வைத்தேன். "மகன் உசுரோட இருக்கான்னு தகப்பனே கோவில்ல நின்னு சொன்ன பெறகு நான் என்ன செய்ய, சூசை?" என்றார். கோபத்தில் மரிய ஜோசப் என்ற என் பேரையும் பாதியாக்கி வெறும் சூசை என்றுவிட்டார்.

நீ நேரில் பேச வேண்டும் என்று எழுதியது எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாம் பாரம் படித்தவன் புத்தி.

மூன்றாவது. ஒச்சாண்டி. அவன் வந்த அன்று காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான். நியூகினியில் ஒரு முகாமில் ஞானதுரை காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்தானாம். 1944 ஜூன் மாதம். கடைசி நாள், கம்பத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றானாம். ஒச்சாண்டியும் இன்னும் இரண்டு பேரும் தென்னை மரத்தடியில் புதைத்தார்கள். குச்சியை ஒடித்துச் சிலுவை கட்டி வைத்தார்களாம். ஒச்சாண்டி நம் வேதத்துக்காரன் இல்லை. குறுக்குக் குச்சியை மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்று தெரியாமல் நடுவில் கட்டியதாகச் சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மதலேனாளுக்குக் கேட்டுவிடும், மெதுவாகப் பேசு என்றேன். அவனுக்குத்தான் காது கேட்காதே. எழுந்து போய்விடு என்று சைகை காட்டினேன். அப்படி அவனை வீட்டை விட்டு அனுப்பினேன், தாயி. படத்தில் மகனைக் கண்டதும் ஒச்சாண்டியைப் பொய்யனாக்கிவிட்டேன்.

அவன் வந்து சொன்ன அன்றே உனக்கு எழுதியிருந்தால் நீ இத்தனை மாதம் கட்டுண்டு கிடந்திருக்க மாட்டாய்.

அத்தையிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்தாள். உலையில் போட்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவள் கேட்டது: "ரோசம்மாளுக்கு எப்ப எழுதப் போறீக?"

திங்கட்கிழமை சாமியாரும் நானும் உசிலம்பட்டி போகிறோம். ஒச்சாண்டி தனக்குத் தெரிந்ததைச் சாமியார் முன்னால் சொல்லிக் கைநாட்டு வைப்பான். நானும் கையெழுத்துப் போடுவேன். அதை மேற்றிராணியாரான பிஷப் ஆண்டவருக்கு அனுப்பி அனுமதி வாங்குவதாகச் சாமியார் சொல்கிறார். கம்பவுண்டரை அவசரப்பட்டு வால்பாறைக்குப் போக வேண்டாம் என்று சொல்.

மாமன்


மேகமலை,
28-3-1946

மாமா அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும் ரோசம்மாள் எழுதுவது. உங்கள் கடிதத்தைத் தேயிலைக் காட்டில் உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்துக்கு அன்று மத்தியானம் லீவு விட்டுவிட்டேன். தென்னை மரத்தடியில் என்று நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் பலமுறை படித்தேன். வெயில் படாத இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் உங்களிடம் ஒன்றை மறைத்தேன், மாமா. அந்தக் கடிகாரம் என் பெட்டியில் இருக்கிறது. 1941-ஆம் வருஷம் புரட்டாசியில், லீவில் ஊருக்கு வந்த ஒரு பட்டாளத்துக்காரரிடம் அவர் கொடுத்தனுப்பினார். அங்கே ஈரத்தில் நின்று நின்று போகிறது, பத்திரமாக வை, வந்து கட்டிக்கொள்கிறேன் என்று துண்டுக் காகிதம் வைத்திருந்தார். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டான் என்று வருத்தப்படுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை.

வலது கையில் கடிகாரம் மின்னியது என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே, நீங்கள் பார்த்தது பழைய படம் என்று எனக்குத் தெரியும். அத்தை வீட்டைக் கழுவுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கை ஓடவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் அவர் உயிரோடு இருக்கட்டும், எனக்கு வேண்டியதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கம்பவுண்டரிடமும் இனிமேல் என்னை நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் வால்பாறை.

இப்போது அவர் போகவில்லை. பவுனு சிலேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எனக்கு அப்பா இல்லை. கோவிலில் என் கையைப் பிடித்துக் கொடுக்க நீங்கள் வருவீர்களா? முடியாது என்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ரோசம்மாள்


ராயப்பன்பட்டி,
20-5-1946

அன்பு மகள் ரோசம்மாளுக்கும் மாப்பிள்ளை பீட்டர்ராஜ் அவர்களுக்கும், பேத்தி பவுனுவுக்கும் அப்பன் மரிய ஜோசப் எழுதுவது. மலை ஏறியது சுகந்தானா? சின்னமனூர்ப் பாதையில் வண்டி குலுங்கியதில் மாப்பிள்ளையின் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். வைத்தியருக்கே தைலம் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று அத்தை சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகிறது.

உன் கையைப் பிடித்துக் கொடுத்தபோது நான் அழுததாக ஊரில் சொல்கிறார்கள். அது சாம்பிராணி.

கலியாணத்துக்கு மறுநாள் காலையில் ஞானதுரைக்குப் பூசை வைத்தோம். பேரைச் சாமியார் முழுதாக வாசித்தார். ஒச்சாண்டி வந்திருந்தான். கோவில் முகப்புச் சிலுவையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நான் கட்டுன குறுக்குக் குச்சி செத்த எறங்கித்தான் இருந்துச்சு" என்றான். அத்தை அவனை வீட்டுக்குக் கூட்டி வந்து இலை போட்டாள். இந்தத் தடவை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நீ விட்டுப்போன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்த்தேன். ஓடுகிறது. நாளுக்குக் கால் மணி பிந்துகிறது. என்னைப் போல.

நேற்றுக் கம்பத்தில் கடைசி ஆட்டம். லைசென்சு முடிந்து நல்லகண்ணு கொட்டகையைப் பிரிக்கிறார், அடுத்து தேனிப் பக்கமாம். ஆட்டம் தொடங்கும் முன் அம்மாவாசி என்னைத் தனியே கூப்பிட்டான். "அய்யா, அந்தத் துண்டு எங்கிட்டத்தான் கெடக்கு. கடைசியா ஒருக்க ஓட்டட்டா? வேணாம்னா வேணாம்" என்றான். ஓட்டு என்றேன். "அப்பறம் அத நீங்களே வச்சுக்கங்க" என்றான்.

கொட்டகை நிறைய ஆட்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஊர் கூட்டிச் சொன்னது நான், பொய்யாய்ப் போனதும் எல்லாருக்கும் தெரியும். தலை குனிந்துகொண்டு குழலை எடுத்தேன். கப்பல் வந்தது. இந்தத் தடவை சரியாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

"மகாசனங்களே, இது இப்போது நடந்தது அல்ல. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. யுத்தம் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. இது சிங்கப்பூர்த் துறைமுகம். நம் பக்கத்துப் பட்டாளத்தார் கப்பலை விட்டு இறங்குகிறார்கள்" என்றேன்.

யாரும் விசிலடிக்கவில்லை. மாப்பிள்ளை படுத்துக்கொண்டு வருகிறார் என்று முதல் நாள் சொன்னானே, அவன் முன்வரிசையில்தான் இருந்தான். துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

முதல் ஆள் இறங்கினான். இரண்டாவது ஆள் இறங்கினான். ஞானதுரை பலகையின் மேல்முனையில் வந்து, இடது தோளில் மூட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றான். கீழே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரியும். குழல் என் வாயில்தான் இருந்தது. விளக்கம் சொல்கிறவன் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஆகவே என் மனசில் வந்ததை நான் சத்தமாகச் சொல்லவில்லை, தாயி.

ஏலே ஞானதுரை, எறங்காத. அங்கனயே நில்லு.

அப்பன்